பாளயத்துக்குப் புறம்பே: திருச்சி நகர்க் கழிப்பிடப் பணி பற்றி ஓர் இறையியல் திறனாய்வு

மனிதநேயப் பணியைத் திருச்சபை பெரும்பாலும் இரண்டு அளவுகோல்களால் அளந்து வந்துள்ளது. எத்தனை பேர் பயனடைந்தனர் என்பது ஒன்று. எவ்வளவு பொருள் செலவிடப்பட்டது என்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஆண்டறிக்கைக்கு உதவும். பணியின் உட்பொருளை அறிய உதவமாட்டா. யார் முடிவெடுத்தனர், யார் உழைத்தனர், யார் கணக்கில் வராது விடப்பட்டனர் என்று வினவும்போதே திறனாய்வு தொடங்குகிறது. இவ்வினாக்களை நம் அருகிலுள்ள ஒரு பணியை முன்வைத்து எழுப்ப விரும்புகிறோம். அது திருச்சிராப்பள்ளி நகரின் குடிசைப் பகுதிகளில் மகளிர் ஏற்று நடத்திய பொதுக் கழிப்பிடப் பணியாகும். இப்பொருள் இறையியல் இதழுக்கு ஏற்றதுதானா என ஐயுறுவோர் உபாகமம் 23:12–14ஐ ஒருமுறை வாசித்துவிட்டு மேலே தொடர்வது நன்று.

1. பணியும் அதன் சிறப்பும்

கிராமாலயா என்னும் தொண்டு நிறுவனம் 1987இல் திருச்சியில் தோன்றியது. இரண்டாயிரமாம் ஆண்டையொட்டி, மாநகராட்சி கட்டியும் பராமரிப்பின்றிப் பாழ்பட்டுக் கிடந்த கழிப்பிடங்களை அவ்வப் பகுதிப் பெண்களின் குழுக்களிடமே ஒப்படைக்கும் முறையை அது முன்வைத்தது. வாட்டர் எய்டு என்னும் பன்னாட்டு நிறுவனம் துணைநின்றது. பெண்கள் பயன்படுத்துவோரிடம் சிறு கட்டணம் பெற்றனர். வரவு செலவை ஏட்டில் பதிந்தனர். பராமரிப்புச் செலவை அவ்வருவாயிலிருந்தே சந்தித்தனர். 2002இல் கல்மந்தை என்னும் குடிசைப் பகுதி, திறந்தவெளியில் மலங்கழிக்கும் வழக்கத்தை முற்றிலும் ஒழித்த பகுதியாக அறிவிக்கப்பட்டது. இந்தியக் குடிசைப் பகுதிகளுள் இதுவே முதலாவது என்பர். நிறுவனத்தின் தலைவர் தாமோதரனுக்கு 2022இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. அதற்கு முந்தைய ஆண்டில், இத்துறையிலேயே உழைத்த திருச்சி மாவட்டத்து மராச்சி சுப்புராமனும் அவ்விருதைப் பெற்றார்.

இப்பணியின் முதற் சிறப்பு, தேவையைப் பெண்ணின் இடத்திலிருந்து கண்டதாகும். ஆணுக்குச் சுவரோரமும் ஆற்றங்கரையும் எந்நேரமும் திறந்திருந்தன. பெண்ணோ விடியுமுன்னும் இருட்டிய பின்னும் மட்டுமே வெளியே செல்லலாம் என்பது எழுதாச் சட்டம். அதற்கஞ்சித் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்ட பெண்களை நம் சபைகளில் நாம் அறிவோம். பூப்பெய்தியபின் பள்ளிப்படிப்பை நிறுத்திய சிறுமியரையும் அறிவோம். அவர்களுக்காக நாம் மன்றாடியதுண்டு. அவர்களுக்கு ஒரு கதவும் தாழ்ப்பாளும் தேவை என்பதை எண்ணியதில்லை. இரண்டாவது சிறப்பு, பணப்பெட்டியும் கணக்கேடும் பெண்களின் கையில் வந்தமையாகும். பயனாளியாக இருந்தவள் நிர்வாகியானாள். அதிகாரியிடம் விண்ணப்பம் கொடுத்துக் காத்து நின்றவள், அவரிடம் கணக்குக் காட்டி வினவும் நிலைக்கு உயர்ந்தாள். இது சிறிய மாற்றமன்று.

2. பணியின் குறைகள்

எனினும் இச்சிறப்புகளோடு திறனாய்வு நின்றுவிடலாகாது.

இக்குழுக்களுக்கு வழங்கிய ஆங்கிலச் சுருக்கப்பெயர் ‘ஷீ’ என்பது. துப்புரவு, சுகாதாரம், கல்வி என்னும் பொருள் தரும் மூன்று சொற்களின் முதலெழுத்துகளால் அமைந்த அப்பெயர், ‘அவள்’ என்றும் பொருள்படும். பெயரிட்டவர்கள் பெண்ணைப் பெருமைப்படுத்தவே எண்ணினர் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் ‘துப்புரவு என்றால் அவள்’ என்னும் பழைய வழக்கும் அப்பெயரினுள்ளே மறைந்திருக்கிறது. வீட்டைப் பெருக்குபவள், பாத்திரம் துலக்குபவள், குழந்தையின் மலத்தை அள்ளுபவள் தெருவின் கழிப்பிடத்தையும் காக்க வேண்டும். ஆணும் அதனைப் பயன்படுத்துகிறான். பொறுப்பு மட்டும் அவளுடையது. நகராட்சிக்குரிய கடமையை ஏழைப் பெண்ணின் தோளில் ஏற்றி, அதற்குப் ‘பங்கேற்பு’ என்று பெயரிடும் ஆபத்து இத்தகைய திட்டங்கள் அனைத்திலும் உண்டு. சமத்துவம் என்பது பெண் கூடுதலாக உழைப்பதன்று. ஆண் தன் பங்கை ஏற்பதுமாகும். தமிழக உள்ளாட்சி மன்றங்களில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016இல் சட்டம் ஆயிற்று. முடிவெடுக்கும் அவையில் பாதி இடம் உடையவள், கழிப்பிடப் பராமரிப்பில் முழுப் பொறுப்பும் உடையவளாக இருப்பது முரண்பாடன்றோ?

இரண்டாம் குறை இதனினும் ஆழமானது. கழிப்பிடம் கட்டப்பட்டால் குழி நிறையும். நிறைந்த குழியை வெறுமையாக்க வேண்டும். அக்குழிக்குள் இறங்கியவர் யார்? மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடைசெய்து 1993இல் ஒரு சட்டமும் 2013இல் இன்னும் விரிவான சட்டமும் இயற்றப்பட்டன. கழிவுநீர்க் குழியில் இறந்தோர் குடும்பத்திற்குப் பத்து இலட்சம் ரூபாய் வழங்குமாறு உச்ச நீதிமன்றம் 2014இல் ஆணையிட்டது. 2023இல் அத்தொகையை முப்பது இலட்சமாக உயர்த்தியது. இழப்பீட்டை உயர்த்த வேண்டியிருந்ததே சாவு நிற்கவில்லை என்பதற்குச் சான்று. இறந்தோர் பெரும்பாலும் ஒரு சில சாதிகளைச் சேர்ந்தோரே. ஆகவே, தூய்மையைப் பாலினச் சிக்கலாக மட்டும் கண்டு, சாதியைக் காணாது செல்லும் பணி பாதிப் பார்வையுடைய பணியே ஆகும்.

மூன்றாவதாக, ‘ஆண்’, ‘பெண்’ என்று எழுதப்பட்ட இரு கதவுகளுக்கு முன்னே நின்று தயங்கும் திருநங்கையர் உளர். தமிழக அரசு 2008இலேயே அவர்களுக்கென நலவாரியம் அமைத்தது. 2014இல் உச்ச நீதிமன்றம் அவர்களை மூன்றாம் பாலினத்தவராக ஏற்றது. அரசும் நீதிமன்றமும் கண்ட மனிதரைத் திருச்சபை இன்னும் காணவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

3. இரு மரபுகளின் சான்று

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட திருவரங்கத்தில் ஒரு மரபுக் கதை வழங்குகிறது. உறையூரில் பாணர் குலத்தில் வளர்ந்த திருப்பாணாழ்வார் தீவினுள் அடியெடுத்து வைக்கத் துணியாமல் தென்கரையில் நின்று பாடினார். நீர் எடுக்க வந்த உலோகசாரங்கர் அவர்மீது கல்லெறிந்தார். பின்னர் இறைவன் பணித்தபடி அவரையே தம் தோளில் சுமந்து கோயிலுக்குள் சென்றார் என்பர். கல்லெறிந்தவனின் தோளே ஊர்தியாகும் இக்கதையின் ஆற்றலை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. ஆனால் ஒருவர் சுமந்து செல்லப்பட்டபின் அவருடைய தெருவினர் எங்கே நின்றனர்? தென்கரையிலேயே நின்றனர். தனிமனிதர் ஒருவருக்கு அளிக்கும் சிறப்பு, ஒரு மக்கட்கூட்டத்துக்குரிய நீதியாகிவிடாது.

பிறர் மரபை நோக்கி இதனைக் கூறும் உரிமை நமக்கு எளிதில் வாய்ப்பதன்று. 1833இல் பேராயர் தானியேல் வில்சன், திருச்சபையில் சாதி வேறுபாடு அறவே நீங்க வேண்டும் எனச் சுற்றறிக்கை விடுத்தார். தஞ்சை, திருச்சிச் சபைகளில் பலர் அதனை ஏற்க மறுத்து விலகினர். நற்கருணைப் பாத்திரத்தை யார் முதலில் தொடுவது என்பதே அன்று வழக்காயிருந்தது. ஒரே கர்த்தரின் பந்தியில் அமர்ந்தோர் ஒரே பாயில் அமர மறுத்தனர். அம்மனநிலை அந்நூற்றாண்டோடு முடிந்துவிட்டதா என்பதை நம் கல்லறைத் தோட்டங்களையும் திருமண அழைப்பிதழ்களையும் கண்டு ஒவ்வோர் ஆயரும் விடை கூறட்டும்.

4. மறைநூல் காட்டும் வழி

அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தில் கிரேக்கரான விதவைகள் அன்றாடப் பந்தியில் புறக்கணிக்கப்பட்டனர். ஆதித் திருச்சபை அவர்களுக்குக் கூடுதல் உணவு அனுப்பி அமையவில்லை. பந்தி விசாரணையையே மாற்றியமைத்தது. தெரிந்துகொள்ளப்பட்ட எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்களாயிருப்பது கவனிக்கத்தக்கது. முறையிட்ட பக்கத்தாரின் கையிலேயே பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. மனிதநேயப் பணிக்கு இதனினும் சிறந்த இலக்கணம் இல்லை. எனினும் அவ்வெழுவருள் விதவை ஒருத்திகூட இல்லை என்பதையும் மறைக்காமல் கூற வேண்டும். திருச்சி மகளிர் குழுக்கள் அக்குறையை ஓரளவு நிறைவு செய்தன என்பது நம் கருத்து.

உபாகமத்தின் கட்டளை கழிவைப் பாளயத்துக்கு வெளியே மண்ணால் மூடச் சொல்கிறது; ஒவ்வொருவனும் தன் கோலைத் தானே எடுத்துச் செல்ல வேண்டும் என்கிறது. பிறனொருவனைத் தோண்ட அனுப்பும்படி அது கூறவில்லை. நம் சமுதாயமோ கழிவோடு மனிதரையும் புறம்பே அனுப்பியது. எபிரெயர் 13:12–13 இவ்விடத்தில் புதிய ஒளி பெறுகிறது. கிறிஸ்து பாடுபட்ட இடம் நகர வாசலுக்குப் புறம்பானது; அவரைத் தேடுவோர் செல்ல வேண்டிய இடமும் அதுவே. அங்கே உள்ளவர்களை உள்ளே அழைப்பதோடு நம் பணி முடியாது. உள்ளே, வெளியே என்று கோடு கிழித்த கையை நிறுத்தவும் வேண்டும்.

5. நம் சபைகளுக்கு

இறுதியாக நம் குறை ஒன்றைச் சொல்வது கடமையாகிறது. பல ஆண்டுகளுக்கு முன் நாம் ஆயராயிருந்த ஒரு சபையில், ஞாயிறு காலை முதல் நண்பகல் வரை ஆலயத்திலிருக்கும் பெண்களுக்குக் கழிப்பிடம் இல்லை. பெண்கள் ஐக்கியத்தார் அதனைக் கேட்டு ஒரு தாள் எழுதிக் கொடுத்தனர். அவ்வாண்டு சேர்ந்த பணத்தைக் கொண்டு மணிக்கூண்டைப் புதுப்பிக்கலாம் எனக் கமிட்டி முடிவு செய்தது. கமிட்டியில் ஆண்களே இருந்தனர். தலைமை வகித்தவர் நாமே. மணியோசை நன்றாகத்தான் இருந்தது. ஆலயத்தைக் கழுவித் துடைத்த அம்மையார் வழக்கம்போல் ஆராதனை முடியுமுன்னே வீட்டுக்கு நடந்தார். அவர் ஏன் ஆசீர்வாதம் பெறக் காத்திருப்பதில்லை என நாம் ஒருநாளும் கேட்கவில்லை.

ஆகவே, இறையியல் மாணவர்கள் களப்பணிக்குச் செல்லும் சபையில் முதலில் மூன்று செய்திகளைக் கேட்டறியட்டும். பெண்களுக்குரிய கழிப்பிடம் எங்கே உள்ளது? அதனைக் கழுவுபவர் யார். அவருக்குத் தரும் கூலி எவ்வளவு? அவருக்குச் சபைக் கமிட்டியில் வாக்குரிமை உண்டா? கனவீனமாக எண்ணப்படும் அவயவங்களைப் பற்றி 1 கொரிந்தியர் 12இல் பவுல் எழுதியதன் விளக்கவுரை அம்மூன்று விடைகளில் அடங்கியிருக்கும். குடிசைப் பகுதிப் பெண்கள் ஒரு கணக்கேட்டை வைத்துக்கொண்டு தொடங்கிய பணியை, வேதநூலைக் கையில் வைத்திருக்கும் நாம் முழுமையாக்காவிடில் நம் பிரசங்கத்துக்கு யார் செவிகொடுப்பார்?