நாவுக்கு வழிகாட்டி தேவையா?

ஒஸ்லோவில் நடக்கும் உணவுச் சுற்றுலாக்கள் பற்றி நம்மவர்கள் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். வெளிநாட்டவரின் வாழ்வைக் காட்சிப்பொருளாக்கும் வியாபாரம் என்று ஒரு சாரார் நிராகரிக்கின்றனர். பண்பாட்டுப் பரிமாற்றம் என்று மறுசாரார் வரவேற்கின்றனர். இரண்டுமே அவசரத் தீர்ப்புகள்.

காசு கொடுத்து வழிகாட்டியின் பின்னால் நடந்து, நாலு கடையில் நாலு வாய் சாப்பிடுவது பெறுமதியானதா? சாப்பாடு தனியே போனாலும் கிடைக்கும். ஆகவே அந்தக் காசு சொல்லுக்கான விலை. சொல்லைத்தான் நாம் எடைபோட வேண்டும்.

காய்ந்த கொட் மீனை எடுத்துக்கொள்வோம். லொஃபோத்தனில் அது உப்பில்லாமல் குளிர்காற்றில் காய்கிறது. நமது கருவாட்டுக்கு உப்பு வேண்டும். இவ்வளவை எந்த வழிகாட்டியும் சொல்லிவிடலாம். அதன் தலைகள் நைஜீரியாவுக்கு ஏற்றுமதியாவதையும், 1967 முதல் 1970 வரை நடந்த பயாஃப்ரா யுத்தத்தின் பட்டினியில் அந்த மீன் நிவாரணமாகச் சென்றதையும் சொல்பவரே நல்ல வழிகாட்டி. இன்னொன்றும் உண்டு. 1980களில் இருந்து பின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளில் நின்று மீன் வெட்டியவர்களில் தமிழ் அகதிகளும் அடங்குவர். அவர்களிற் பலர் பின்னர் ஒஸ்லோவுக்கு இறங்கி வந்தனர். நோர்வே மீனைப் பரிமாறிவிட்டு, அதை வெட்டிய கைகளைச் சொல்லாமல் விடும் சுற்றுலாவுக்குக் கொடுக்கும் காசு வீண்.

அம்மருட்டிலும் நாமே இப்படியொன்றை நடத்தினால் என்ன என்று சில நண்பர்கள் கேட்கின்றனர். 1966இல் சுரங்க ரயில் வந்த இந்தப் புறநகரை வெளியிலிருந்து பார்ப்பது புதிதல்ல. தூர்பியோர்ன் ஹன்சனும் ஆன்ன சேத்தர்டாலும் 1969இல் வெளியிட்ட அம்மருட் ஆய்வு, நகரத் திட்டமிடல் பற்றிப் பெரும் விவாதத்தையே கிளப்பியது. ஆனால் இங்குள்ள நமது உணவு கடைக்கண்ணாடிக்குப் பின்னால் இல்லை. வேலை முடிந்து வந்து அவிக்கும் புட்டிலும், அயலவர் மணம் பற்றி முறையிடுவரோ என்று யன்னலைச் சாத்திவிட்டுப் பொரிக்கும் மீனிலும் இருக்கிறது. அதைச் சமைப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். பண்பாடு பற்றி மேடையில் பேசுபவர்கள் பெரும்பாலும் ஆண்கள்.

எனவே எனது நிபந்தனைகள் இரண்டு. சமைத்தவரே பேச வேண்டும்; அவருக்கே கூலி சேர வேண்டும். இவை இரண்டும் நிறைவேறினால் நடக்கலாம், நன்றாகவே நடக்கலாம். அவர் அடுப்படியில் நிற்க, இன்னொருவர் வாசலில் நின்று அவருக்காக விளக்கம் சொல்வதென்றால், நாம் குறைகூறும் அதே வியாபாரத்தைத் தமிழில் நடத்துகிறோம் என்பதே பொருள்.