பெயரில்லாத முள்

பழைய அமெரிக்க மோட்டார்ஹோம்களின் டேஷ்போர்டில், எதைக் காட்டுகிறது என்று யாருக்கும் தெரியாத மீட்டர் ஒன்று இருப்பது அபூர்வமல்ல. டயலில் எழுத்து அழிந்திருக்கும், சாவி போட்டாலும் முள் அசையாது, பின்னாலிருந்து ஒரு வயர் எங்கோ போகும். இதற்கான காரணம் அந்த வண்டிகள் உருவான விதத்திலேயே இருக்கிறது. 1970-களில் அயோவா மாநிலத்தின் ஃபாரஸ்ட் சிட்டியில் வின்னபேகோ கட்டிய வண்டிகள் பலவற்றுக்கு எஞ்சினும் சேஸிஸும் டாட்ஜிலிருந்து வந்தன. வீடு மட்டும் ஃபாரஸ்ட் சிட்டியில் அதன்மேல் ஏறியது. அதனால் சேஸிஸுக்கு ஒரு வயரிங், வீட்டுக்கு இன்னொரு வயரிங், பேட்டரியும் தனித்தனி. 1973 முதல் 1978 வரை ஜெனரல் மோட்டார்ஸ் தானே தயாரித்த ஜிஎம்சி மோட்டார்ஹோமையும் வெறும் கூடாக வாங்கி, உள்வேலையை முடித்து விற்ற நிறுவனங்கள் உண்டு.

இவற்றுக்குமேல் கை வைத்தவர்கள் உரிமையாளர்கள். பின்னால் காரைக் கட்டி இழுத்து மலையேறியவர்கள் கியர்பாக்ஸ் ஆயிலின் சூட்டைப் பார்க்க ஒரு மீட்டர் வைத்தார்கள். 1973-இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, பெட்ரோல் வீணாவதைக் காட்டும் வேக்குவம் மீட்டர் பரவலாக விற்றது. இரண்டாவது பெட்ரோல் டேங்க், சமையல் கேஸ் டேங்க், வீட்டு பேட்டரி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மீட்டர் சேர்ந்துகொண்டே போனது. வண்டி கைமாறியபோது மீட்டர் தங்கியது. அது எதற்கென்ற தகவல் தங்கவில்லை.

இத்தகைய மீட்டரைத் திருத்துவதில் ரசிக்கத்தக்க பகுதி, ஸ்பேனரை எடுப்பதற்கு முன்பே வந்துவிடுகிறது. மீட்டரின் முகம் எதையும் சொல்லாவிட்டாலும் முதுகு சொல்லிவிடும். பின்னால் வருவது வயரா, குழாயா, குழாய் என்றால் எவ்வளவு பருமன் என்று பார்த்தாலே பாதி விடை கிடைக்கும்.

மெல்லிய செப்புக் குழாயோ நைலான் குழாயோ வந்தால் அது அழுத்தம் காட்டும் கருவி. உள்ளே இருப்பது யூஜின் போர்டன் 1849-இல் பிரான்சில் காப்புரிமை பெற்ற வளைந்த குழாய். திருவிழாவில் விற்கும் சுருள் ஊதல் காற்றுப் புகுந்ததும் நிமிர்வதுபோல, அழுத்தம் ஏறும்போது இந்தக் குழாய் சற்றே விரிகிறது. பல்சக்கரம் அந்தச் சிறு அசைவைப் பெருக்கி முள்ளைத் திருப்புகிறது. குழாய் எஞ்சின் பிளாக்கில் முடிந்தால் ஆயில் பிரஷர். கார்புரேட்டருக்குக் கீழே இன்டேக் மேனிஃபோல்டில் முடிந்தால் வேக்குவம். நல்ல எஞ்சின் ஐடிலில் ஓடும்போது வேக்குவம் முள் கடல்மட்டத்தில் 17 முதல் 21 அங்குலப் பாதரசம் வரை காட்டி அசையாமல் நிற்கும். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால் பூஜ்யத்தை நெருங்கும்.

கம்பிச் சுருள் போர்த்திய மயிரிழைக் குழாய் ஒன்று, மறுமுனையில் விரல் நீள உலோகக் குமிழோடு இருந்தால் அது வெப்பமானி. பல மாதிரிகளில் உள்ளே இருப்பது ஈதர். குமிழ் சூடாகும்போது ஆவி அழுத்தம் ஏறி, அதே போர்டன் குழாயை விரிக்கிறது. மின்சாரமே இல்லாமல் இது வேலை செய்கிறது. குமிழைக் கழற்றி வெந்நீரில் வைத்ததும் முள் கிளம்பினால் கருவி உயிரோடு இருக்கிறது.

பருமனான இரண்டு வயர்கள், நடுவில் பூஜ்யம் உள்ள டயல் என்றால் அம்மீட்டர். சாவியை எடுத்த பிறகும் அதில் மின்சாரம் இருக்கும் என்பதால், பேட்டரி இணைப்பைக் கழற்றாமல் அதைத் தொடக்கூடாது. அந்தக் காலத்து டாட்ஜ் வண்டிகளில் சார்ஜிங் மின்சாரம் முழுவதும் டேஷ்போர்டு வரை வந்து அம்மீட்டர் வழியாகவே போனது. இணைப்பு தளர்ந்தால் அங்கே சூடேறும், வயர் உருகும். ஆகவே விவரம் தெரிந்தவர்கள் அந்தப் பாதையைச் சரியான பருமனுள்ள வயரால் தாண்டவிட்டு, வோல்ட்மீட்டர் ஒன்றை வைக்கிறார்கள்.

மெல்லிய வயர்கள் மட்டும் இருந்தால் அது பெரும்பாலும், டேங்கிலோ எஞ்சினிலோ இருந்து அளவை உணர்ந்து அனுப்பும் சென்டர் (sender) யூனிட்டோடு பேசும் மீட்டர். இதில் முள் நகரும் நடையே இனத்தைக் காட்டிக்கொடுக்கும். சாவி போட்டதும் சாவகாசமாக ஏறினால் அது ஈருலோகத் தகடு வகை: தகட்டில் சுற்றிய கம்பி சூடாகி, தகடு வளைந்து முள்ளைத் தள்ளுகிறது. கிரைஸ்லர், ஃபோர்டு கருவிகள் நெடுங்காலம் இப்படித்தான் இருந்தன. அவற்றுக்கு ஒரு சின்ன ரெகுலேட்டர், மின்சாரத்தை விட்டுவிட்டுக் கொடுத்து, சராசரியாக 5 வோல்ட் அளிக்கும். ஜெனரல் மோட்டார்ஸ் கருவிகளிலோ இரண்டு காந்தச் சுருள்கள் முள்ளை ஆளுக்கொரு பக்கம் இழுக்கின்றன. அதனால் முள் சட்டென்று நகரும்.

இந்த வேறுபாடு தெரியாமல் சோதித்தால் முடிவு தலைகீழாகும். கிரைஸ்லர் பெட்ரோல் மீட்டருக்கு டேங்க் யூனிட் காலியில் சுமார் 73 ஓம், நிறைவில் 10 ஓம் காட்டும். ஜெனரல் மோட்டார்ஸில் காலி 0, நிறைவு 90. பிற்பாடு கடையில் வாங்கிப் பொருத்திய மீட்டர்களில் காலிக்கு 240, நிறைவுக்கு 33 என்ற கணக்கு மிகப் பரவலானது. யூனிட் வயரைக் கழற்றி எர்த்தில் தொட்டால் கிரைஸ்லர் முள் நிறைவுக்கு ஏறும். ஜெனரல் மோட்டார்ஸ் முள் காலிக்கு இறங்கும். ஈருலோக வகையில் இந்தச் சோதனை சில நொடிகளுக்குமேல் போகக்கூடாது. போனால் உள்கம்பி கருகிவிடும். முள் சரியாக அசைந்தால் மீட்டர் நல்லது. குறை வயரிலோ யூனிட்டிலோ இருக்கிறது. ஒரு மீட்டர் மட்டுமல்லாமல் எல்லாமே சேர்ந்து உச்சிக்கு ஏறினால் சந்தேகம் ரெகுலேட்டர் மேலும் அதன் எர்த் மேலும்தான் விழ வேண்டும்.

வயரின் மறுமுனையைக் கண்டுபிடிப்பது பொறுமையின் வேலை. மோட்டார்ஹோமில் அது பிளைவுட் சுவருக்குப் பின்னாலும் தரைக்கு அடியிலும் ஓடுகிறது. வழியில் நிறம் மாறுவதும் உண்டு. இரு முனையையும் மின்சாரத்திலிருந்து விடுவித்து, ஒரு முனையில் ஒலி அனுப்பும் கருவியை மாட்டி, உணர்கோலைச் சுவரோரம் நகர்த்திக்கொண்டே போனால் சத்தம் வழிகாட்டும். பலகையைப் பெயர்க்காமலே பாதை தெரிந்துவிடும். பாதை தெரிந்த பிறகும் முதலில் பார்க்க வேண்டியது எர்த். காரில் இரும்பு டேஷ்போர்டே எர்த் ஆகிவிடும். இங்கே டேஷ்போர்டு பெரும்பாலும் ஃபைபர் கிளாஸ், மரம் அல்லது பிளாஸ்டிக். மீட்டருக்கென்று தனி எர்த் வயர் வேண்டும். செத்துப்போனதாக ஒதுக்கப்பட்ட மீட்டர்கள் பலவும் துருப்பிடித்த எர்த் திருகைச் சுரண்டியதும் எழுந்துகொள்கின்றன.

உண்மையான பழுதுக்கும் குறைந்த தலையீடே உயர்ந்த வேலை. டேங்க் யூனிட்டில் கம்பிச் சுருளின் கறுப்பைத் துடைப்பது, பெட்ரோல் புகுந்து மூழ்கிய பித்தளை மிதவையை மாற்றுவது, மீட்டருக்குப் பின்னுள்ள பிரின்டட் சர்க்யூட்டில் விட்டுப்போன செப்புக்கோட்டை ஈயத்தால் இணைப்பது ஆகியவை வழக்கமான வேலைகள். நுட்பத்தின் உச்சம் அறுந்த மயிரிழைக் குழாயை உயிர்ப்பிப்பது. மலிவான புதிய வெப்பமானி ஒன்றின் குமிழை உப்புக் கலந்த பனிக்கட்டியில் அமிழ்த்தி, ஈதரின் ஆவி அழுத்தத்தை அடக்கி, குழாயை வெட்டி, பழைய மீட்டரின் குழாயோடு சின்னச் செப்பு உறையால் பற்றவைக்கிறார்கள். ஈதர் சுமார் 35 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கும், எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் இது தேர்ந்த கைகளுக்கு மட்டுமே உரியது.

அசைகிற முள் எல்லாம் உண்மை பேசும் முள் அல்ல. வெப்பமானியைக் கொதிநீரில் வைத்துப் பார்க்க வேண்டும். கடல்மட்டத்தில் 212 டிகிரி ஃபாரன்ஹீட் காட்ட வேண்டும். வோல்ட்மீட்டரை மல்டிமீட்டரோடு ஒப்பிட வேண்டும்: நிறைந்த பேட்டரி ஓய்வில் 12.6, சார்ஜ் ஏறும்போது சுமார் 14 வோல்ட். சமையல் கேஸ் மீட்டரைப் பொறுத்தவரை, டேங்க்கை 80 சதவீதத்துக்குமேல் நிரப்புவதில்லை என்பதால், அந்த அளவில் நிற்பதே நிறைவு.

கடைசி வேலை எழுத்துவேலை. வயரின் இரு முனைகளிலும் சீட்டு, ஃபியூஸ் பெட்டியின் மூடியில் ஒரு வரி, வண்டிப் புத்தகத்தில் பாதையின் படம், யூனிட்டின் ஓம் அளவு. இவை இருந்தால் அடுத்த உரிமையாளர் முள்ளைப் பார்த்ததும் அதை நம்பலாம்.