கப்பலுக்கு முன் அரசியல் சட்டம்

அறிவியல் புனைகதை எழுத வருகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் கப்பலைத்தான் கட்டுகிறார்கள். எத்தனை அடுக்கு, என்ன எரிபொருள் என்று பக்கம் பக்கமாகப் போகும். அந்தக் கப்பலை அனுப்புகிற அரசு எது, அதன் தலைவர் எப்படி அந்த இடத்துக்கு வந்தார், அவரைக் கவிழ்க்க யார் காத்திருக்கிறார் என்பதெல்லாம் பிறகுதான் நினைவுக்கு வரும். விண்மீன் அரசியல் நாவல்கள் அநேகமாக இந்த இடத்தில்தான் படுத்துவிடுகின்றன. படுக்காத ஒன்று மொன்றியலில் எழுதப்பட்டது.

டொனால்ட் கிங்ஸ்பரி 1929இல் சான்பிரான்சிஸ்கோவில் பிறந்தவர்; மொன்றியலின் மக்கில் பல்கலைக்கழகத்தில் பல்லாண்டுகள் கணிதம் கற்பித்தார். முதல் சிறுகதை 'அஸ்டவுண்டிங்' இதழில் 1952இல் வந்தது. முதல் நாவல் 'கோர்ட்ஷிப் ரைட்' வெளிவந்தது 1982இல். முப்பது வருடம்! வளரும் எழுத்தாளர் என்ற பட்டத்தை இவ்வளவு நாள் சுமந்தவர்கள் குறைவு.

கதை நடக்கும் கெட்டா கிரகத்தில் மனிதர் உண்ணத்தக்க பயிர்கள் எட்டே எட்டு. மற்றதெல்லாம் நஞ்சு. பஞ்சம் வந்தால், பிழைக்கும் தகுதியில் கடைசியில் நிற்பவர்கள் மற்றவர்களுக்கு உணவாகிறார்கள். (சாப்பாட்டு நேரத்தில் படிக்க வேண்டாம்.) அவர்களுடைய மூதாதையரைக் கொண்டுவந்த கப்பல் இன்னும் வானத்தில் சுற்றுகிறது, அதைத்தான் கடவுள் என்று கும்பிடுகிறார்கள். கப்பலுக்கு இந்த நாவலில் உள்ள வேலை அவ்வளவே.

மீதி முழுக்க அரசியல். கையெல் என்ற குலத்தில் பதவி பிறப்பால் வருவதில்லை. ஒரு கொள்கையை ஆதரிப்பவர், அதன் விளைவு இன்னதாக இருக்கும் என்று முன்கூட்டியே பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும். யாருடைய கணிப்புகள் பலிக்கின்றனவோ அவர் கை ஓங்கும். அவர்களில் தலைசிறந்தவரே ஆட்சித் தலைவர். நம்முடைய தேர்தல் அறிக்கைகளை இப்படிப் பதிவேட்டில் ஏற்றினால் எத்தனை பேர் மிஞ்சுவார்கள்? அந்தத் தலைவருக்குக் கடற்கரை நாட்டின்மேல் ஒரு கண். அங்கே நரமாமிசத்தை எதிர்த்துப் பேசும் ஒலீட்டா என்ற பெண்ணுக்குச் செல்வாக்கு அதிகம். தாங்கள் விரும்பியவளைக் கூட்டாக மணக்கக் காத்திருந்த குடும்பமொன்றை, அவளை விட்டுவிட்டு ஒலீட்டாவை மணக்கும்படி ஆணையிடுகிறார் தலைவர். சம்பந்தம் பேசி நாடு பிடிக்கிற வித்தை நம் சோழர்களுக்குத் தெரியாததல்ல.

1983 ஹியூகோ விருதின் இறுதிப் பட்டியலில் இந்நாவல் இடம்பெற்றது. வென்றது அசிமோவின் 'ஃபவுண்டேஷன்ஸ் எட்ஜ்'. எதிர்காலத்தைக் கணக்கிடும் வித்தை அசிமோவிடம் ஒரு சிறு கூட்டத்தின் இரகசியம். கிங்ஸ்பரி 2001இல் 'சைக்கோஹிஸ்டாரிக்கல் க்ரைசிஸ்' என்ற நாவலில் அதே பேரண்டத்தைப் பெயர் மாற்றி எடுத்துக்கொண்டு, அந்த இரகசியம் எல்லோர் கைக்கும் போனால் என்னவாகும் என்று கேட்டார். என் கணக்கில், அசிமோவுக்குக் கிடைத்த மிகச் சிறந்த மறுப்பு இதுதான்.

2002இல் வேல்ஸிலிருந்து மொன்றியலுக்குக் குடிவந்த எழுத்தாளர் ஜோ வால்டனும் அரசியலை முன்வைக்கும் இந்த வழிதான். 'தி ஜஸ்ட் சிட்டி' (2015) பிளேட்டோவின் இலட்சிய நகரத்தை உண்மையிலேயே கட்டிப்பார்க்கிறது. வேலை செய்யும் இயந்திரங்கள் அடிமைகளா என்று சோக்ரதர் விசாரிக்கத் தொடங்கியதும் அஸ்திவாரம் ஆடுகிறது. பிரெஞ்சுப் பக்கம் தனி ஓடை: 1974இல் 'ரெக்கியம்' என்று தொடங்கி 1979இல் 'சொலாரிஸ்' என்று பெயர் மாறிய கியூபெக் அறிவியல் புனைகதை இதழ் எத்தனையோ புதியவர்களுக்கு முதல் மேடை.

தமிழில்? வாரிசுப் போட்டியும் சதியும் நமக்குக் கைவந்த சரக்கு. 'பொன்னியின் செல்வன்' முழுக்க அதுதான். சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' ஒரு சர்வாதிகார அரசின் உள்ளறைவரை போனது, ஆனால் பூமியை விட்டுக் கிளம்பவில்லை. விண்மீன்களுக்கு நடுவே இந்தச் சதுரங்கத்தை முழு நாவலாக ஆடியவர் என்று சொல்ல எனக்கு ஒரு பெயரும் வாயில் வரவில்லை. அந்தப் பெயர் மொன்றியலிலிருந்தே வரலாம்.

1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 ஈழத்தமிழர் மிதந்துகொண்டிருந்தார்கள். கப்பல் அவர்களை இறக்கிவிட்டுப் போய்விட்டது. மீனவர்கள் மீட்டார்கள். அகதிகளாக வந்த தமிழரும் அவர்கள் பிள்ளைகளும் இன்று மொன்றியலில் பிரெஞ்சு, ஆங்கிலம், தமிழ் மூன்றிலும் வாழ்கிறார்கள். இயக்கம், பிளவு, தடை, நாடுகடந்த அரசு என்று அவர்கள் வீட்டுக்குள் கேட்ட பேச்சு வேறு யாருக்கும் எளிதில் கிட்டாத மூலப்பொருள். அங்கே அறிவியல் புனைகதை எழுத நினைக்கும் தம்பி, தங்கைக்கு ஒரு வேண்டுகோள்: கப்பலின் படம் பிறகு வரையலாம். உங்கள் கிரகத்தில் ஆட்சி எப்படிக் கைமாறும் என்று முதலில் ஒரு பக்கம் எழுதுங்கள்.