இரக்கமா, இரசனையா?

கிறிஸ்து பிறப்பு விழா நெருங்குகையில், வாயாலும் காலாலும் தூரிகை பிடிக்கும் ஓவியர்கள் தீட்டிய வாழ்த்து அட்டைகள் நம் இல்லங்கள் பலவற்றுக்கு அஞ்சலில் வந்ததுண்டு. மலர்க்கொத்து, மலைச்சாரல், நீரோடை என இயற்கையே அவற்றில் மிகுதி. அட்டையைத் திருப்பி, அது வரையப்பட்ட விதத்தைப் படித்து, 'பாவம்' என்கிறோம், பணம் அனுப்புகிறோம். படத்தை மறுபடி பார்ப்பதில்லை. இளம்பிள்ளை வாதத்தால் கைகள் செயலிழந்த ஜெர்மானிய ஓவியர் எரிக் ஸ்டெக்மன், இத்தகையோருக்கான உலகச் சங்கத்தை 1950களில் தொடங்கினார். பிறர் தரும் தருமத்தால் அன்றித் தம் உழைப்பின் ஊதியத்தால் அவர்கள் வாழவேண்டும் என்பதே அதன் நோக்கம். நம் இரக்கம் அந்நோக்கத்தைத் தோற்கடித்துவிடுகிறது அல்லவா?

இந்த ஐயத்தோடு பினோத் பிஹாரி முகர்ஜியின் (1904–1980) ஓவியங்களை அணுகுவோம். இளமையிலிருந்தே அவருக்கு ஒரு கண்ணில் பார்வையில்லை. மறு கண்ணில் கடும் கிட்டப்பார்வை. ஆயினும் சாந்திநிகேதனைச் சூழ்ந்த பீர்பூம் மாவட்டத்தின் செம்மண் வெளிகளை அவர் வரைந்தார். 1940இல் கலாபவன மாணவர் விடுதியின் உட்கூரையில் தீட்டிய ஓவியத்தில் நடுவே ஒரு குளம். சுற்றிலும் மரங்கள், குடிசைகள், கால்நடைகள், மனிதர்கள். ஓரிடத்தில் நின்று அதைப் பார்த்து முடிக்க இயலாது. நாமும் சுற்றி நடந்தாக வேண்டும். அருகே சென்றே எதையும் அறிந்த ஒருவர் கண்ட இயற்கை இது என எனக்குத் தோன்றுகிறது. பள்ளிப்பட்டில், மணலாய்க் கிடக்கும் கொசஸ்தலை ஆற்றைக் கோடையில் கடக்கும்போது, 'இங்கே வரைய என்ன இருக்கிறது?' என்று கேட்போம். வறண்ட பீர்பூமில் அவர் கண்டவற்றைப் பார்த்தபின் அவ்வாறு கேட்க நா எழவில்லை.

1956இல் அறுவைச் சிகிச்சை ஒன்றுக்குப் பின் எஞ்சிய பார்வையும் போயிற்று. அவரோ காகிதத்தை வெட்டியும் மடித்தும் உருவங்கள் சமைத்தார். 1972இல் கலாபவனச் சுவரில் வண்ண ஓடுகளால் ஒரு பெரும் படைப்பை உருவாக்கினார். அவருடைய முன்னாள் மாணவர் சத்யஜித் ராய் 'தி இன்னர் ஐ' என்ற ஆவணப்படத்தை எடுத்ததும் அவ்வாண்டிலேயே.

நேர்மையாகச் சொன்னால், பிற்காலப் படைப்பில் நிலக்காட்சியின் நுண்ணிய வண்ணச் சாயல்கள் இல்லை. உருவங்கள் தட்டையாய் நிற்கின்றன. எனினும் விரல்கள் தடவி அறிந்த வடிவத்தின் உறுதி அவற்றில் உண்டு. இழப்பையும் ஈட்டத்தையும் ஒருங்கே சொல்வதுதான் கலைஞருக்கு நாம் செய்யும் மரியாதை.

அடுத்த முறை வாழ்த்து அட்டை வரும்போது, முதலில் படத்தைப் பார்ப்போம். அந்த ஓடையில் நீர் ஓடுகிறதா, அந்த மலரில் உயிர் இருக்கிறதா எனக் கேட்போம். நன்றெனில் போற்றுவோம், இல்லையெனில் அதையும் கூறுவோம். ஓவியர் நம்மிடம் வேண்டுவது அத்தகைய பார்வையையே.