மாண்பும் சூசையும்

மே முதல் தேதி, கொடைக்கானல் மலையில் ஒரு சின்னப் பங்கு. கோயில் பேரு வேண்டாம். உழைப்பாளரான சூசையப்பர் திருநாள் பூசை. கம்யூனிஸ்டுகளின் மே தினத்துக்குப் பதிலாகப் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1955இல் ஏற்படுத்திய திருநாள் இது. பிரசங்கத்தில் சாமியார் ‘உழைப்பின் மாண்பு’ என்ற சொல்லைப் பத்துத் தடவைக்குக் குறையாமல் சொன்னார். நல்ல பிரசங்கம்தான். பூசை முடிந்து வெளியே வந்ததும், சீகைக் கூப்பில் பட்டை உரித்தே விரல் வளைந்துபோன ஒரு சிலோன்கார அம்மா என்னிடம் கேட்டார்: “தம்பி, மாண்புன்னா என்ன, சம்பளமா?”

கேலியாகக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டார். எனக்கும் சட்டென்று பதில் வரவில்லை. கவிதையை, நாவலை விமர்சிக்கிற நாம், நம் ஜனங்கள் ஞாயிற்றுக்கிழமைதோறும் கேட்கிற இந்த எழுத்துக்களை ஏன் விமர்சனத்துக்கு எடுப்பதில்லை என்று அன்றைக்குத் தோன்றியது. சுற்றுமடலும் ஒரு பிரதிதானே.

‘ரேரும் நோவாரும்’ 1891 மே மாதம் வந்தது. எழுதியவர் பதின்மூன்றாம் சிங்கராயர். சிக்கனமாக வாழ்கிற ஒரு தொழிலாளி பிழைக்கப் போதாத கூலி அநியாயம், தொழிலாளர் சங்கம் வைக்கலாம், ஆனால் சோசலிசம் கூடாது, தனியுடைமை மீறப்படக்கூடாது என்பது அதன் சாரம். ஐரோப்பிய ஆலைத் தொழிலாளிக்கு எழுதியது. நாலே வருஷம் கழித்து, 1895இல், இயேசு சபையினர் செண்பகனூரில் திரு இருதயக் கல்லூரியைத் தொடங்கினார்கள். குருமாணவர்கள் தத்துவம் படிக்க வந்த இடம். கூலியின் நியாயம் பற்றிய புதுப் போதனை கையில் இருந்த காலம். மலைக்கு மோட்டார் ரோடு இல்லாத காலமும் அதுதான். 1910களில் லாஸ் காட் ரோடு வரும்வரை துரைமார், துரைசாணிகள், மிஷனரிகள், அவர்களுடைய மூட்டை முடிச்சு எல்லாம் பெரியகுளம் பக்கத்து கிருஷ்ணம நாயக்கன் தோப்பிலிருந்து ஆள் தோளில்தான் மேலே வந்தது. அந்தப் பாதைக்கே பேரு ‘கூலி காட்’. சுமந்தவனுக்கு இந்த மலையில் கிடைத்த ஒரே நினைவுச்சின்னம் அந்தப் பேருதான். அதிலும் அவன் பேரு இல்லை, கூலிதான் இருக்கிறது.

செண்பகனூரில் இயேசு சபையினர் இந்த மலையின் பறவை, பாம்பு, வண்ணத்துப்பூச்சி, ஆர்க்கிட் எல்லாவற்றையும் லத்தீன் பேரோடு சேர்த்து வைத்தார்கள். அதே சபையைச் சேர்ந்த கே. எம். மேத்யூ 1999இல் பழனி மலைத் தாவரங்கள் பற்றி மூன்று பாகம் கொண்ட பெரிய நூலைக் கொடுத்தார். மலைமேல் பிரியம் இல்லாமல் அப்படி ஒரு வேலையை யாரும் செய்ய முடியாது, அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அந்தப் பிரியத்தில் பாதியாவது பட்டை உரித்தவர்கள் மேல் விழுந்திருந்தால் அவர்களுக்கும் மூன்று பாகம் வந்திருக்கும்.

சரி, சுற்றுமடலுக்கு வருவோம். அதில் வருகிற தொழிலாளிக்கு சாதி கிடையாது. 1981இல் இரண்டாம் அருள் சின்னப்பர் எழுதிய ‘லபோரம் எக்செர்சென்ஸ்’ இன்னும் முன்னே போகிறது. மூலதனத்தைவிட உழைப்பே முதன்மையானது என்கிறது. பிழைக்க இடம்பெயர்ந்தவரை உள்ளூர்த் தொழிலாளியைவிடத் தாழ்வாக நடத்தக்கூடாது என்று தனிப் பகுதியே வைத்திருக்கிறது. அங்கேயும் சாதி இல்லை. அம்பேத்கர் 1936லேயே சொல்லிவிட்டார், சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களையே பிரித்து மேல்கீழாக அடுக்குகிறது என்று. இந்தப் பழனி மலையைப் பற்றியே ஜே. எச். நெல்சன் 1868இல் வெளியிட்ட மதுரைக் கையேடு, சமவெளியிலிருந்து ஏறிவந்த குன்னுவர்கள் புலையர்களைப் பண்ணையடிமை ஆக்கியதை எழுதுகிறது. அந்தப் புலையருக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் ஒரே மாண்பு என்று எழுதிவிட்டால் போதுமா? ஆலைத் தொழிலாளி சங்கம் வைத்துத் தெருவில் நடக்கிறான். இவனுக்குத் தெருவே இல்லையே.

சிலோன்கார அம்மாவின் கதை இதைவிடச் சிக்கலானது. 1948இல் இலங்கை அரசு மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்தது. 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் உட்கார்ந்து 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று பிரித்தார்கள். 1974இல் இன்னும் 75,000. தேயிலைக்குப் போனவர்களில் பெரும்பகுதி பள்ளர், பறையர், சக்கிலியர். தலைமன்னாரில் கப்பலேறி ராமேசுவரத்தில் இறங்கி, கையிலிருந்த உதவித்தொகை தீர்ந்ததும் குளிர் மலை பழகிய வேலையைத் தேடி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் ஏறியவர்கள் பலர். இங்கே தேயிலை இல்லை. சீகையும் தைலமரமும் வெட்டுகிற கூப்பு இருந்தது, முன்பணம் கொடுக்கிற கான்ட்ராக்டர் இருந்தார். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976லேயே வந்துவிட்டது. அந்த அம்மா சொன்னார்: “அங்க லயத்துல இருந்தோம், இங்க பிளாஸ்டிக் தாள்ல இருந்தோம். வாங்குன கடன் எவ்வளவுன்னு எங்க வீட்டு ஆளுக்கே தெரியாது. கணக்கு அவங்க நோட்டுல.”

இவர்களுக்காக மனு எழுத உட்கார்ந்த சாமியார்களை, கன்னியாஸ்திரிகளை நானே பார்த்திருக்கிறேன். தாசில்தார் வாசலில் அவர்கள் நின்ற நேரத்தில் நம் கட்சித் தலைவர்கள் நிற்கவில்லை, அதையும் எழுதித்தான் ஆகவேண்டும். கடலுக்கு அந்தப் பக்கம் 1972இல் கண்டியில் சத்தியோதயத்தைத் தொடங்கிய இயேசு சபைச் சாமியார் பால் காஸ்பர்ஸ் தோட்டத் தொழிலாளர் பக்கமே கடைசிவரை இருந்தார். என் குறை அந்த மனுக்களின் மொழியில் இருக்கிறது. அவற்றில் இந்த ஜனங்கள் ‘புலம்பெயர்ந்தோர்’, ‘நலிந்தோர்’, ‘ஏழைகள்’. பறையராகப் போனவர் ‘தாயகம் திரும்பியோர்’ ஆகி வந்தார், மனுவில் ‘நலிந்தோர்’ ஆனார். சாதியைச் சொன்னால் பங்குக்குள்ளேயே சண்டை வரும் என்கிற பயம்தான், வேறென்ன. திருச்சி மேலப்புதூர் கல்லறையில் செத்தவர்களுக்கு நடுவே சுவர் எழுப்பியவர்களும் இதே திருச்சபையின் பிள்ளைகள்தானே. தமிழக ஆயர்கள் 1990இல் தலித்துகளுக்காகப் பத்து அம்சத் திட்டம் போட்டார்கள். அந்தத் தாளில்தான் நம் பேரு நேராக வந்தது.

இலக்கியத்தில் என்ன நடந்தது? பக்கத்து ஆனைமலைக்கு பி. எச். டேனியல் என்ற டாக்டர் 1969இல் ‘ரெட் டீ’ எழுதினார், இரா. முருகவேள் அதை ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழாக்கினார். 2013இல் பாலா அதைத் தழுவி ‘பரதேசி’ எடுத்தபோது, நாவலில் தொழிலாளிக்காகத் துடிக்கிற கிறிஸ்தவ டாக்டரின் இடத்தில் மதம் மாற்றி ஆடுகிற கோமாளி வந்து நின்றான். டேனியல் தொழிற்சங்கம் நடத்தியவர். அதைத் துடைத்தெறிந்த அரசியல் எது என்று சொல்லத் தேவையில்லை. அதற்காகத் திருச்சபைக்கு வக்காலத்து வாங்கவும் மாட்டேன். பழனி மலையின் கூப்புக்கு அப்படி ஒரு நாவல்கூட என் கைக்கு வந்ததில்லை.

பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வந்தது. கன்னிமடத்தை விட்டு வெளியே வந்த ஒரு தலித் பெண் தன் பேச்சுமொழியிலேயே எழுதிய அந்தப் புத்தகத்தை வெளியிட்டது மதுரையில் இயேசு சபையினர் நடத்திய ஐடியாஸ் மையம். தன்னைக் கேள்வி கேட்கிற நூலைத் தானே அச்சிட்டது. திருச்சபை நமக்காகச் செய்த எழுத்து வேலைகளில் இதைத்தான் மேலே வைப்பேன். அங்கே யாரும் யாருக்காகவும் மனு எழுதவில்லை.

இன்னொரு சூசை ஞாபகத்துக்கு வருகிறார். சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்தவர், ஆதிதிராவிடர், கிறிஸ்தவர். அதே சாலையில் இருந்த இந்து செருப்புத் தொழிலாளிகளுக்கு அரசு இலவசப் பெட்டிக்கடை கொடுத்தது, அவருக்குக் கொடுக்கவில்லை. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை கிறிஸ்தவரை விட்டுவிட்டது என்பது காரணம். மதம் மாறிய பிறகும் சாதிக் கொடுமை அதே கடுமையோடு தொடர்கிறது என்பதற்கு ஆதாரம் போதாது என்று 1985இல் உச்ச நீதிமன்றம் அவர் மனுவைத் தள்ளியது. சூசையப்பருக்கு மே முதல் தேதி பூசை உண்டு, இந்தச் சூசையின் பேரை ஒரு பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை. (சீகைப் பட்டை போவது தோல் பதனிடத்தான் என்பது உபரிச் சேதி.)

2025 மே மாதம் புதுப் பாப்பரசர் வந்தார். பதின்மூன்றாம் சிங்கராயரை நினைத்தே அந்தப் பேரை எடுத்ததாகச் சொன்னார். அதற்குப் பிறகு ஒருநாள் அந்த அம்மாவைப் பார்த்தேன். பேரனின் சாதிச் சான்றிதழை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்தார். ‘கிறிஸ்தவ ஆதிதிராவிடர், பிற்படுத்தப்பட்டோர்’ என்று இருந்தது. “சிலோன்ல இருந்து வந்தப்ப குடும்ப அட்டையில வேற போட்டிருந்தாங்க தம்பி. இத சாமியார்கிட்டச் சொன்னா மாத்திக் குடுப்பாரா?” என்றார். மாற்ற முடியாது, அது டெல்லியில் இருக்கிற ஆணை என்றேன். “அப்ப அவர் எழுதுற லெட்டர்ல என் சாதியையாவது எழுதச் சொல்லு” என்று பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.