இரு வகுப்புகள், ஒரே பிளாக்

ஓவியக் கல்லூரிகளின் ஆண்டு இறுதிக் காட்சியில் அச்சோவியம் மாட்டியிருக்கும் சுவர் எப்போதும் கொஞ்சம் கறுப்பாகத்தான் இருக்கும். லினோகட், மரச்செதுக்கு, துத்தநாகத் தகட்டில் போட்ட எட்சிங். பக்கத்து அறையில் கதைச் சித்திரங்கள்: வாட்டர்கலர், பேனா, இப்போதெல்லாம் பெரும்பாலும் டேப்லெட். ஒரே மாணவரின் வேலை இரண்டு அறையிலும் தொங்கும். ஆனால் பார்த்தால் இரண்டு வெவ்வேறு ஆட்கள் போட்டது போலிருக்கும். அங்கே தயங்காத தடித்த கோடு. இங்கே எங்கேயோ பார்த்த மாதிரியான வழவழப்பு முகம். திறமையில் ஒன்றும் குறையில்லை. பயிற்சிகளைக் கொடுக்கும் முறையில்தான் கோளாறு என்பது என் கட்சி. அச்சு வகுப்பு மாணவருக்கு ஒரு கோட்டைத் தருகிறது. சித்திர வகுப்பு அந்தக் கோட்டைக் கேட்பதே இல்லை.

ஒரு மூன்றாம் ஆண்டு மாணவியின் கோப்பை எடுத்துக்கொள்ளலாம். பெயர் வேண்டாம், இதைப் போன்ற கோப்பு எந்தக் கல்லூரியிலும் கிடைக்கும். உள்ளே கறுப்பு வெள்ளை லினோகட் ஒன்று, ஒரே லினோவை வெட்ட வெட்ட மூன்று நிறத்தில் அடித்த படம் ஒன்று, எட்சிங் ஒன்று, ஒரு சிறுகதைக்குப் போட்ட ஆறு சித்திரங்கள்.

முதல் லினோவில் பூக்கட்டும் பெண். கைபேசியில் எடுத்த போட்டோதான் மூலம். அதை ஒரு ஆப்பில் போட்டால் சாம்பல் நிறத்தையெல்லாம் தள்ளிவிட்டு, இது கறுப்பு இது வெள்ளை என்று அதுவே பிரித்துக் கொடுத்துவிடும். மாணவி அதைக் கார்பன் வைத்து லினோவில் இறக்கி, வெள்ளையாக வர வேண்டிய இடங்களை உளியால் எடுத்திருக்கிறார். கைவேலை சுத்தம். ஆனால் அந்தப் பெண்ணுக்கு இடது கன்னம் இல்லை. காதும் கூந்தலும் ஒரே கறுப்புத் திட்டாக ஒட்டிக்கொண்டன. மடியில் கிடக்கும் மல்லிகை சிதறிய பொரி மாதிரி இருக்கிறது. எது கறுப்பு, எது வெள்ளை என்று முடிவு செய்வதுதான் லினோகட்டில் ஓவியருக்கு உள்ள முழு வேலையும். அந்த வேலையை ஆப் செய்துவிட்டது; மாணவி கூலிக்கு வெட்டிக் கொடுத்திருக்கிறார்.

அதே படத்தின் கீழ் மூலையில் ஒரு பிளாஸ்டிக் ஒயர்க் கூடை இருக்கிறது. போட்டோவில் அது பாதிதான் விழுந்திருந்தது. மீதியைப் பார்த்து இறக்க ஒன்றுமில்லாததால் மாணவியே போட்டிருக்கிறார். அங்கே உளி திசை தெரிந்து போயிருக்கிறது. ஒயர் மேலேறும் இடத்தில் வெட்டு அகலமாகிறது, உள்ளே நுழையும் இடத்தில் மெலிகிறது. வி வடிவ உளியை அழுத்தித் தொடங்கி மெதுவாக மேலே தூக்கினால் கோடு கூர்ந்து முடியும். அந்த முனைகள் ஒவ்வொன்றும் அப்படியே தெரிகின்றன. மொத்தப் படத்திலும் படிக்கத் தகுந்த இடம் அந்தக் கூடைதான். மதிப்பெண் போட்டவர் அதைக் கவனித்தாரா என்பது சந்தேகம்.

அச்சு வகுப்பின் பலம் இந்த மூலையில் இருக்கிறது. வெட்டியது வெட்டியதுதான். டேப்லெட்டில் பின்னால் போகலாம், காகிதத்தில் ரப்பர் உண்டு. லினோவில் இரண்டும் கிடையாது. அதனால் வெட்டுவதற்கு முன்பே யோசிக்க வேண்டியிருக்கிறது. அந்த யோசனை கோட்டில் தெரியும். கெத்தே கோல்விட்ஸ் முதல் உலகப் போரில் மகனைப் பறிகொடுத்தவர். 1920களின் தொடக்கத்தில் அவர் செய்த ‘போர்’ மரச்செதுக்குகள் ஏழிலும் வெள்ளைக் கோடு ஒவ்வொன்றும் ஒரு பக்கமாக இழுக்கிறது. கட்டிப்பிடித்து நிற்கும் உடல்களின் பாரத்தை அந்தத் திசைதான் சொல்கிறது. வங்காளத்தின் சித்தபிரசாத் உழைக்கும் குழந்தைகளை லினோவில் வெட்டினார். லினோ மலிவு, மெது, பெரிய பிரஸ் இல்லாமலே அடித்துவிடலாம். அவருக்கு அதிகம் பேரிடம் போய்ச் சேர வேண்டியிருந்தது, அதனால் அந்த ஊடகம். ஊடகத்தைத் தேர்ந்தெடுக்க அவருக்கு ஒரு காரணம் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். நம் மாணவிக்கு இருந்த காரணம், பாடத்திட்டத்தில் லினோ முதல் செமஸ்டரில் வருகிறது என்பதுதான்.

மூன்று நிற லினோவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. முதலில் வெளிர் நிறத்தை அடித்துவிட்டு, அதே லினோவை மேலும் வெட்டி அடுத்த நிறம், மறுபடி வெட்டி கறுப்பு. பிக்காசோ இதில் நிறைய விளையாடியிருக்கிறார். முதல் நிறம் அடிக்கும்போதே எத்தனை பிரதி என்று தீர்மானித்தாக வேண்டும்; இரண்டாம் வெட்டு விழுந்தபின் திரும்பிப் போக லினோவே இருக்காது. திட்டமிடக் கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. ஆனால் நிறம் நிறத்தின் மேல் சரியாக உட்காருகிறதா என்ற கவலையிலேயே வேலை முடிந்துபோகிறது. இந்தக் கோப்பில் இருப்பது மீன் சந்தை. நிறங்கள் அச்சுப் பிசகாமல் உட்கார்ந்திருக்கின்றன. மீன் சந்தையின் எந்தக் கவிச்சியும் அதில் இல்லை.

எட்சிங் வகுப்புக்கு வருவோம். துத்தநாகத் தகட்டின் மேல் மெழுகுப் பூச்சு, அதில் ஊசியால் கீறல், பிறகு நைட்ரிக் அமிலத் தொட்டி. கீறிய இடத்தில் குமிழ் குமிழாக வாயு கிளம்பும். குமிழ் அங்கேயே தங்கினால் அரிப்பு ஒரே சீராக இருக்காது என்று ஓர் இறகால் மெல்லத் தள்ளிவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். தொட்டியருகே குனிந்து நிற்கும் மாணவருக்கு எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறதா என்பதைக் கல்லூரிகள் இன்னும் கொஞ்சம் அக்கறையோடு பார்க்கலாம். அமிலம் கோட்டைப் பள்ளமாக்குகிறது. மையைத் தகடு முழுக்கப் பூசித் துடைத்தால் பள்ளத்தில் மட்டும் மை தங்கும். ஈரக் காகிதத்தை வைத்து பிரஸ்ஸில் ஓட்டினால் காகிதம் பள்ளத்துக்குள் போய் மையை எடுத்துக்கொண்டு வரும்.

இதே துத்தநாகமும் இதே அமிலமும் ஒரு காலத்தில் தமிழ்ப் பத்திரிகை அலுவலகங்களுக்குப் படம் கொடுத்துக்கொண்டிருந்தன. அதற்குப் பெயர் பிளாக். ஓவியர் காகிதத்தில் போட்ட கோட்டுச் சித்திரத்தை கேமராவால் சுருக்கித் தகட்டில் பதித்து, கோடு தவிர மற்ற இடத்தை அமிலத்தால் அரிப்பார்கள். எட்சிங்கில் கோடு பள்ளம். பிளாக்கில் கோடு மேடு. மேடாக நின்றால்தான் ஈய எழுத்துகளோடு சேர்த்துக் கட்டி ஒரே ஓட்டத்தில் அடிக்க முடியும். கும்பகோணத்தில் ஓவியம் படித்துவிட்டு வந்த கோபுலுவின் கோடு பத்திரிகைப் பக்கத்தில் அவ்வளவு தெளிவாக நின்றதற்குக் கை மட்டும் காரணமில்லை. நெருக்கமாகப் போட்ட இழைகள் சுருங்கும்போது ஒன்றோடொன்று ஒட்டி மை அப்பிவிடும் என்பது அந்தத் தலைமுறை ஓவியர்களுக்குத் தெரிந்திருந்தது. எதை விட்டுவிட வேண்டும் என்பதை பிளாக் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது. சித்திரமும் அச்சும் அப்போது தனித்தனிப் பாடங்களாக இருக்கவில்லை. ஒரே வேலையின் இரண்டு முனைகள். ஆஃப்செட் வந்ததும் அந்தக் கட்டாயம் போயிற்று. எதைப் போட்டாலும் அச்சாகும் என்றானபின், பாடத்திட்டமும் இரண்டையும் பிரித்துத் தனித்தனி அறைகளில் வைத்துவிட்டது.

பிரித்து வைத்ததன் விளைவு நான்காவது வேலையில் தெரிகிறது. கொடுக்கப்பட்ட கதை புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’. நல்ல தேர்வு, ஆசிரியரைப் பாராட்டலாம். ஆறு சித்திரங்களில் முதல் மூன்றிலும் கடவுள் கடவுளாகவே இருக்கிறார்: சடை, பிறை, பின்னால் ஒளி. கதையில் அவர் பிராட்வேயும் எஸ்பிளனேடும் சந்திக்கும் முனையில் வந்து வழி கேட்கிற ஒரு பெரிய மனிதர். கூட வருகிறவருக்கே முதலில் ஆள் யாரென்று தெரியாது. கதையின் நகைச்சுவை முழுவதும் அந்தச் சாதாரணத்தில் இருக்கிறது. காபி ஹோட்டலில் பில் கொடுக்கும் இடம் ஒன்று போதும், கடவுளையும் சென்னையையும் எதிரெதிரே உட்காரவைக்க. அந்த இடத்துக்குச் சித்திரமே இல்லை. தாண்டவத்துக்கு இரண்டு இருக்கின்றன. தாண்டவத்தை எப்படிப் போடுவது என்பது ஏற்கெனவே எல்லோருக்கும் தெரியும், அதுதான் காரணம். மேசை முன்னால் உட்கார்ந்து காபி குடிக்கும் கடவுளுக்கு முன்மாதிரி கிடையாது. மாணவியே கண்டுபிடிக்க வேண்டும்.

கதையைப் படித்துவிட்டுச் சித்திரம் போடுவது வேறு, கதையில் இருக்கும் பெயர்ச்சொற்களைப் பார்த்துச் சித்திரம் போடுவது வேறு. சித்திர வகுப்பு இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை. படம் அழகாக இருக்கிறதா என்று பார்க்கிறது. எழுத்துக்குப் பக்கத்தில் என்ன செய்கிறது என்று கேட்பதில்லை. கி.ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ ஜூனியர் விகடனில் வந்தபோது ஆதிமூலம் போட்ட கோட்டோவியங்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஆள் இருப்பார், நிலம் இருக்கும், மற்றதைக் கி.ரா. சொல்லிக்கொள்ளட்டும் என்று அந்தக் கோடு விலகி நிற்கும். ஆதிமூலம் சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தவர்; காந்தியை நூறு கோட்டோவியங்களாகப் போட்டுப் பார்த்தவர். கோடு முதலில், கதைக்கான சித்திரம் பிறகு.

அந்த ஆறில் ஒன்றே ஒன்று தேறும்: தலைப்புப் பக்கம். ஆசிரியர் ஏதோ ஓர் உந்துதலில் தலைப்பை மட்டும் லினோவில் வெட்டச் சொல்லியிருக்கிறார். தமிழ் எழுத்தை இடவலமாகப் புரட்டி வெட்டுவது சாமானிய வேலையில்லை. ‘ள்’ளின் சுழி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் யோசித்தாக வேண்டும். மாணவி சுழிகளையெல்லாம் சரியாகப் புரட்டிவிட்டு, ‘ட’வை மறந்துவிட்டார், ‘கடவுளும்’ என்பதில் அது முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. இருந்தாலும் அந்தப் பக்கத்தின் எழுத்தில் எடை இருக்கிறது. கறுப்பு எங்கே கனக்க வேண்டும், எங்கே காற்று வேண்டும் என்பது தெரிந்திருக்கிறது. மீதி ஐந்தையும் லினோவில் வெட்டச் சொல்லியிருந்தால், ஒளிவட்டத்துக்கும் சடைக்கும் இவ்வளவு பாடுபட வேண்டுமா என்று கையே கேட்டிருக்கும்.

இனி, பிரதிகள். ஒவ்வொரு அச்சோவியமும் ஐந்து பிரதி. கீழே பென்சிலில் 1/5, 2/5 என்று எண், பக்கத்தில் கையெழுத்து. ஐந்தும் ஒன்றுபோல வருவது சுலபமில்லை. மை கட்டியாக இருந்தால் நுண்கோடுகள் அடைந்துவிடும், நீர்த்துவிட்டால் பரவும். ரோலரை மையில் உருட்டும்போது வரும் சத்தத்தை வைத்தே பதம் சொல்லிவிடுவார்கள் பழகியவர்கள். இந்த ஒழுங்கை மாணவர்கள் கற்கத்தான் வேண்டும். ஆனால் எண் போட்டு வரம்பு கட்டுவது சேகரிப்பாளர்களின் சந்தை கொண்டுவந்த வழக்கம். பிரதி குறைந்தால் விலை ஏறும். விலையே இல்லாத மாணவர் வேலைக்கு அந்த வரம்பு எதற்கு? ஒன்று துறைக்கு, ஒன்று கோப்புக்கு, மூன்று அலமாரிக்கு. அச்சின் பிறவிக் குணமே பலரிடம் போவது. வகுப்பில் அது யாரிடமும் போவதில்லை.

ரவி வர்மா 1894இல் பம்பாயில் லித்தோ அச்சகம் தொடங்கியது எண்ணி ஐந்து பேருக்காக இல்லை. கோவில்பட்டி கொண்டையராஜு சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர்; அவர் வரைந்த சாமி படங்கள் காலண்டராகித் தமிழர் வீட்டுச் சுவர்களுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தன. இன்றைய கல்லூரியில் ‘காலண்டர் ஆர்ட்’ என்பது திட்டுவதற்கு வைத்திருக்கும் சொல். காலண்டரின் இனிப்பு எனக்கும் ஒத்துவராது. ஆனால் பார்ப்பவர் யார் என்று கொண்டையராஜுவுக்குத் தெரியும்; அச்சு வகுப்பு மாணவரிடம் அதைக் கேட்டால் ‘ஜூரி’ என்பார்.

இரண்டு வகுப்பையும் சேர்த்து ஒரே பயிற்சியாகக் கொடுத்துப் பார்க்கலாம். ஒரு சிறுகதை, ஆறு லினோ, முப்பது பிரதி, நூல் கோத்துக் கட்டிய சிறு புத்தகம். முப்பது பேரிடம் விற்க வேண்டும் அல்லது கொடுக்க வேண்டும். நேரம் போதாது, பிரஸ் ஒன்றுதான் இருக்கிறது என்பார்கள். லினோவுக்கு பிரஸ் அவசியமில்லை. காகிதத்தின் முதுகில் மரக்கரண்டியால் தேய்த்தே நல்ல பிரதி எடுக்கலாம், கை வலிக்கும் அவ்வளவுதான். சென்னையின் தாரா பதிப்பகம் சில்க் ஸ்கிரீனில் கையாலேயே அடித்துக் கட்டும் புத்தகங்கள் உலகம் முழுக்கப் போகின்றன. கோண்டு ஓவியர்கள் மூவர் வரைந்த ‘தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்’ 2008இல் இத்தாலியின் பொலோனியா குழந்தைகள் புத்தகக் கண்காட்சியில் பரிசு வாங்கியது. அதை அடித்தவர்கள் வருடக்கணக்காக அதையே செய்யும் கைவினைஞர்கள், மாணவரிடம் அந்தத் தரத்தை எதிர்பார்க்க முடியாது. ஆனால் அச்சும் சித்திரமும் ஒரே மேசையில் நடக்கும் இடம் சென்னையிலேயே இருக்கிறது. வகுப்பை அழைத்துக்கொண்டு ஒருநாள் போய்வர பஸ் கட்டணம்தான் செலவு.

எஞ்சுவது மதிப்பெண் சிக்கல். சேர்த்துக் கொடுத்தால் எந்த ஆசிரியர் எவ்வளவு போடுவது? இருவரும் ஒன்றாக உட்கார்ந்து போடலாம். சுவரில் மாட்டிய தாளைப் பார்த்து வேண்டாம், புத்தகத்தைக் கையில் வாங்கிப் பக்கம் புரட்டிப் படித்துப் போடட்டும். அதற்கு இருவரும் கதையைப் படித்திருக்க வேண்டும். தடையே அதில்தான் வரும் என்று நினைக்கிறேன்.