சிறிய எழுத்தாக்கினால் விழுப்புரம் தப்பாது

தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதமே கிடையாது. ஆகவே எந்த ஸ்ட்ரிங்கையும் யோசிக்காமல் சிறிய எழுத்தாக்கிவிடலாம், தமிழுக்கு ஒரு சேதமும் வராது. நிரல் எழுதக் கற்றுத்தருகிறவர்கள் பல காலமாகச் சொல்லிவரும் சமாதானம் இது. கேட்பதற்குச் சரியாக இருக்கிறது. யூனிகோடில் உள்ள தமிழுக்கு உண்மையிலேயே சரிதான்: சிறிய எழுத்தாக்கும் ‘லோயர்’ கட்டளையைப் போட்டாலும் பெரிய எழுத்தாக்கும் ‘அப்பர்’ கட்டளையைப் போட்டாலும் எழுத்து அப்படியே நிற்கும்.

எதையும் சிறிய எழுத்தாக்கும் இந்த வழக்கத்தின் நன்மையை மறுக்க வேண்டியதில்லை. மின்னஞ்சல் முகவரியை ஒருவர் பெரிய எழுத்தில் அடிப்பார், இன்னொருவர் சிறிய எழுத்தில் அடிப்பார். இரண்டும் ஒன்று என்று கணினி புரிந்துகொள்ள வேண்டும். ஆஸ்கி அட்டவணையை வகுத்தவர்கள் பெரிய ஏவுக்கு 65, சிறிய ஏவுக்கு 97 என்று 32 இடைவெளி விட்டு வைத்தார்கள். ஒரே ஒரு பிட்டை மாற்றினால் போதும். அழகான வடிவமைப்பு அது.

கோளாறு தொடங்குவது பழைய கோப்புகளில். தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது 2010 ஜூனில்தான். அதற்கு முன்னும், அச்சகங்களிலும் டிடிபி கடைகளிலும் அதற்குப் பின்னும், தமிழ் பரவலாகப் பாமினி போன்ற எழுத்துருக்களில் அடிக்கப்பட்டது. பாமினிக் கோப்புக்குள் தமிழே கிடையாது. இருப்பதெல்லாம் ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். அவற்றின் மேல் தமிழ் உருவம் போர்த்தப்பட்டிருக்கிறது. அங்கே பெரிய எழுத்துக்கும் சிறிய எழுத்துக்கும் உள்ள வேறுபாடுதான் பல இடங்களில் உயிர்மெய்யையே தீர்மானிக்கிறது. சிறிய ஜி என்றால் ப, பெரிய ஜி என்றால் பு. சிறிய ஓ ழ, பெரிய ஓ ழு. சிறிய என் ஒற்றைக் கொம்பு, பெரிய என் இரட்டைக் கொம்பு.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரை ரயில் பாதையில் உள்ள நிலையங்களைப் பாமினியில் அடித்து, ‘லோயர்’ கட்டளையை ஓட்டிப் பாருங்கள். திண்டிவனம் திண்டிவனமாகவே வரும். அந்தப் பெயரில் பெரிய எழுத்தே இல்லை. மயிலமும் தப்பிக்கும். பேரணி ‘பெரணி’ ஆகும். விக்கிரவாண்டிக்கு ஒன்றும் ஆகாது. முண்டியம்பாக்கம் ‘மண்டியம்பாக்கம்’ ஆகும். விழுப்புரம் ‘விழப்பரம்’ ஆகும்.

என் நீண்டநாள் ஆட்சேபம் இங்கேதான் இருக்கிறது. ஆறில் மூன்று பெயர்கள் துளியும் மாறாமல் வருகின்றன. திண்டிவனத்தை வைத்துச் சோதித்தவர் ‘வேலை செய்கிறது’ என்று கையெழுத்துப் போட்டுவிடுவார். எல்லாப் பெயரும் குப்பையாகியிருந்தால் அன்றைக்கே யாராவது கவனித்திருப்பார்கள். பெரிய எழுத்தாக்கினால் அப்படித்தான் ஆகிறது. திண்டிவனம் உட்பட எதையும் வாசிக்க முடியாது. சிறிய எழுத்தாக்கல் அவ்வளவு வெளிப்படையாகக் கெடுப்பதில்லை. குடல் ‘கடல்’ ஆகிறது, புலம் ‘பலம்’ ஆகிறது, குணம் ‘கணம்’ ஆகிறது, துரை என்பவர் ‘தரை’ ஆகிவிடுகிறார். எல்லாம் நல்ல தமிழ்ச் சொற்கள். எந்தப் பிழைதிருத்தியும் இவற்றைப் பிடிக்காது. பழையபடி மீட்கவும் முடியாது. ‘கடல்’ என்று இருப்பது முன்பு கடலா, குடலா? அதைச் சொல்லும் தடயத்தை அந்த ஒரு பிட்டோடு சேர்த்து அழித்துவிட்டோம். இதைச் சின்னப் பிழை என்று யாராவது சொன்னால் என்னால் ஏற்க முடியாது. மனிதர்களின் பெயரும் ஊரும் உள்ள பட்டியலை, கேட்காமல், சொல்லாமல், மீட்க வழியில்லாமல் மாற்றுகிற செயல் இது.

துருக்கி மொழியில் புள்ளி வைத்த ஐ, புள்ளி வைக்காத ஐ என்று இரண்டு உண்டு என்பதால் வரும் சிக்கலை உலகம் முழுக்கப் பாடமாக நடத்துகிறார்கள். ஜெர்மன் மொழியின் ஓர் எழுத்து பெரிய எழுத்தாகும்போது இரண்டு எழுத்தாக நீளும் என்பதையும் சொல்லித்தருகிறார்கள். நம் வீட்டுக் கோப்பில் நடக்கும் அழிவை நம் வகுப்பறைகளிலேயே பேசுவதில்லை.

எழுத்து பெரியதா சிறியதா என்று சோதிக்கும் கட்டளைகளும் தமிழை அறியாதவைதான். பைத்தானில் யூனிகோடு ‘திண்டிவனம்’ பெரிய எழுத்தா என்று கேட்டால் இல்லை என்கிறது. சிறிய எழுத்தா என்றாலும் இல்லை. ‘பெரியது இல்லையென்றால் சிறியது’ என்று எழுதிய நிரல் அங்கேயே தவறிவிடும். ‘இஸ்ஆல்ஃபா’ போட்டுக் கேட்டாலோ, இது எழுத்துகளால் ஆன சொல்லே இல்லை என்று பதில் வருகிறது. புள்ளியையும் கொம்பையும் அது எழுத்தாகக் கணக்கிடுவதில்லை. பெயர் கேட்கும் படிவத்தில் இந்தச் சோதனையை வைத்தால் தமிழ்ப் பெயர்களில் மிகப் பலவற்றுக்குக் கதவு அடைபடும்.

இத்தனை ஆபத்துக்கு ஈடாகச் சிறிய எழுத்தாக்கலில் கிடைக்கும் பலன்தான் என்ன? விழுப்புரத்தை ஆங்கிலத்தில் இரண்டு எல், ஒரு பி போட்டு எழுதுகிறார்கள். ஒரு எல், இரண்டு பி போட்டும் எழுதுகிறார்கள். திண்டிவனத்தை எச் சேர்த்தும் எழுதுகிறார்கள், சேர்க்காமலும் எழுதுகிறார்கள். எல்லாவற்றையும் சிறிய எழுத்தாக்கிய பிறகும் இவை வெவ்வேறு ஊர்களாகவே நிற்கும். ஆங்கிலப் பட்டியலிலேயே உண்மையான சிக்கலை இந்த வழக்கம் தொடுவதில்லை.

பழைய கோப்புகளைக் கையாளும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கோப்பு எந்தக் குறியாக்கத்தில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பாமினியென்றால் யூனிகோடுக்கு மாற்றிய பிறகே மற்ற எந்தக் கட்டளையையும் ஓட்டுங்கள். ஒப்பிடுவதற்குச் சிறிய எழுத்து வேண்டுமென்றால் ஒரு நகலை மாற்றுங்கள். மூலத்தின் மேல் எழுதாதீர்கள். சோதனைப் பட்டியலில் திண்டிவனத்தோடு விழுப்புரத்தையும் பேரணியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.